ஸ்கேன் படத்துக்கு எந்த ஃபிலிம், எந்த பேப்பர்?

கேள்வி, 3 ஜூன் 2023

வணக்கம் சார். சின்ன ஊரில் ஒரு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் சென்டரில் டெக்னீஷியனாக இருக்கிறேன். 2012, 2013 வாக்கில் எடுத்த பிரிண்டுகளை அலமாரியிலிருந்து எடுத்தால் பாதி மங்கிக் கிடக்கிறது. எங்கள் டாக்டர் ஆரம்ப காலத்தில் போலராய்டில் எடுத்த படங்கள் மட்டும் இன்னும் அப்படியே இருக்கின்றன. அதுமாதிரி ஃபிலிம் இப்போது கிடைக்குமா என்று விசாரிக்கச் சொன்னார். எக்ஸ்ரே மாதிரி ஃபிலிமில் எடுத்தால் நல்லதா? பேப்பர்தான் என்றால் எந்த பேப்பர்? கடைக்காரர் பளபளப்பாக இருப்பதுதான் உசத்தி என்கிறார்.

3 ஜூன், இரவு

தம்பி, டாக்டர் கேட்டது கிடைக்காது. போலராய்டு கம்பெனி உடனடி ஃபிலிம் தயாரிப்பை 2008இல் நிறுத்திவிட்டது. அதே அளவில் ஃபுஜி கொடுத்துவந்த எஃப்பி-3000பி 2013இல் நின்றது, எஃப்பி-100சி 2016இல் நின்றது. இப்போது போலராய்டு பெயரில் விற்பது வேறு வகை. ஸ்கேன் மெஷினோடு வந்த பழைய கேமராவில் அது உட்காராது. ஆன்லைனில் காலாவதியான பெட்டிகள் வரும். அவற்றை நம்பிப் பணம் போட வேண்டாம், உள்ளே இருக்கும் ரசாயனப் பசை காய்ந்துபோயிருக்கும்.

பல வருஷம் இருக்க வேண்டியதை டைகாம் (ஸ்கேன் படங்களுக்கான கணினி வடிவம்) கோப்பாக வைத்துக்கொள், இரண்டு இடத்தில் வை. பிரிண்ட் என்பது நோயாளி கையில் கொடுத்தனுப்ப.

அந்த பிரிண்டுக்கு எந்த பேப்பர் என்றால், பளபளப்பைப் பார்க்காதே. கருகருவென்று கருப்பு விழுகிறதா என்றும் பார்க்காதே. கருப்பை ஒட்டி இருக்கிற மெல்லிய சாம்பல் பேப்பரில் விழுகிறதா என்று மட்டும் பார். பித்தப்பையின் அடியில் படிந்த சேறு, சினைப்பைக் கட்டிக்குள் தேங்கிய பழைய ரத்தம் எல்லாம் அந்தச் சாம்பலில்தான் தெரியும். பிரிண்ட் அதைக் கருப்பாக்கிவிட்டால் சாதாரண நீர்க்கட்டி மாதிரி ஆகிவிடும். வெளியூர் டாக்டர் கையில் இருப்பது அந்த பிரிண்ட் மட்டும்தான்.

கல்லீரலும் வலது சிறுநீரகமும் சேர்ந்து வருகிற ஒரு படத்தை நிறுத்தி வைத்து, கிடைக்கிற எல்லா பேப்பரிலும் எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்.

4 ஜூன்

போலராய்டைப் பற்றி இரண்டு வார்த்தை. டாக்டர் அதைப் பிரியமாகச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சின்ன மானிட்டர் மேல் கூம்பு மாதிரி ஒரு மூடி, அதன் முனையில் கேமரா. படத்தை நிறுத்தி, க்ளிக் செய்து, காகித நாக்கைப் பிடித்து ஒரே சீராக இழுக்க வேண்டும். தயங்கி இழுத்தால் பசை சமமாகப் பரவாமல் குறுக்கே பட்டை விழும். அரை நிமிடம் கழித்து இரண்டு தாளையும் பிரித்தால் மூன்றேகாலுக்கு நாலேகால் அங்குலத்தில் படம் தயார். டார்க் ரூம் வேண்டாம், தண்ணீர் வேண்டாம். ராத்திரி இரண்டு மணிக்கு அவசர கேஸ் வந்தாலும் டாக்டரே எடுத்துக்கொள்வார்.

அதிலும் வகை உண்டு. 107 என்பது பழையது. பிரித்தவுடனே கூடவே வரும் குச்சியால் படத்தின் மேல் பூச்சு தடவ வேண்டும், வினிகர் வாடை அடிக்கும். தடவாமல் விட்டால் வெளுத்துவிடும். உங்கள் டாக்டர் படங்களில் ஓரத்தில் ஒரு கோடு மட்டும் வெளுத்திருந்தால் அங்கே பூச்சு படவில்லை என்று அர்த்தம். பிறகு வந்த 667க்குப் பூச்சு தேவையில்லை. இரண்டுமே ஐஎஸ்ஓ 3000 வேகம், அதாவது கொஞ்ச ஒளியிலேயே படம் பதியும். 611 என்று ஒன்று மானிட்டர் படம் எடுப்பதற்கென்றே வந்தது. வேகம் ரொம்பக் குறைவு, கான்ட்ராஸ்ட் மென்மை, சாம்பல் படிகள் நிறையப் பிடிக்கும். எங்கும் கிடைக்கிறது என்று 667ஐ வாங்கியவர்கள்தான் அதிகம். முதல் பார்வைக்கு 667 படம் பளிச்சென்று இருக்கும். 611 கொஞ்சம் சோகையாகத் தெரியும். ஆனால் கல்லீரலின் மணல்மணலான நயம் 611இல்தான் வந்தது. என் கையில் முடிவு இருந்த இடத்திலெல்லாம் 611தான் வாங்கச் சொன்னேன்.

6 ஜூன்

"அந்தக் காலத்து ஸ்கேனில் வெறும் வெள்ளைப் புள்ளிகள்தானே, எந்த ஃபிலிமாக இருந்தால் என்ன" என்று மேலே ஒருவர் கேட்டிருக்கிறார். நேர்மாறாகத்தான் நடந்தது. சாம்பல் நிறம் ஸ்கேனுக்குள் வந்ததில் ஃபிலிமுக்குப் பெரிய பங்கு உண்டு.

கிளாஸ்கோவில் இயன் டொனால்ட், ஜான் மெக்விகார், டாம் பிரவுன் மூவரும் வயிற்றுக் கட்டிகளை அல்ட்ராசவுண்டில் பார்த்து எழுதிய கட்டுரை 1958 ஜூன் 7இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. அதற்குப் பிறகு பல வருஷம் பயன்பட்ட சேமிப்புத் திரைகளில் ஒரு புள்ளி எரியும், இல்லையென்றால் எரியாது. நடுவில் சாம்பலுக்கு இடமில்லை. உறுப்பின் எல்லைக்கோடு தெரியும், உள்ளே என்ன இருக்கிறது என்பது தெரியாது.

சிட்னியில் ஜார்ஜ் கோசாஃப் குழு வேறு வழியில் போனது. சாதாரண ஆஸிலோஸ்கோப் திரை முன்னால் கேமராவின் ஷட்டரைத் திறந்தே வைத்துவிட்டு, ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் புரோபை வயிற்றின் மேல் குறுக்கே நகர்த்தினார்கள். திரையில் ஒளி வந்து வந்து மறையும், ஃபிலிம் அத்தனையையும் கூட்டிச் சேர்த்துக்கொள்ளும். பலமான எதிரொலி அழுத்தமாகவும் பலவீனமானது மெலிதாகவும் பதியும். 1970களின் தொடக்கத்தில் அவர்கள் காட்டிய சாம்பல் படங்கள் இப்படி வந்தவை. பிறகு சாம்பல் படத்தை மின்னணுவில் சேர்த்து வைக்கும் ஸ்கேன் கன்வர்ட்டர் வந்து அந்த வேலையைத் தானே எடுத்துக்கொண்டது.

அந்த முறையில் புரோபை ஒரே இடத்தில் இரண்டு தரம் ஓட்டினால் அங்கே ஒளி இரட்டிப்பாகிவிடும். கை வேகம், திரை வெளிச்சம், ஃபிலிமின் வேகம் மூன்றும் ஒத்துப்போனால்தான் படம். அதனால் ஃபிலிமை மாற்றினால் ஸ்கேன் பண்ணுகிறவர் கையையும் மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

9 ஜூன்

இனி நீ கேட்ட "எக்ஸ்ரே மாதிரி ஃபிலிம்". அது இருந்தது. பெரிய ஆஸ்பத்திரிகளில் மல்டிஃபார்மேட் கேமரா என்று ஒரு பெட்டி இருக்கும். உள்ளே ஒரு சின்ன பிக்சர் டியூப், லென்ஸ், கேஸட். எட்டுக்குப் பத்து அங்குலத் தாளில் நாலு, ஆறு, ஒன்பது என்று படங்களை அடுக்கும். எழுதிமுடித்த தாளை எக்ஸ்ரே ப்ராசஸரில் (ஃபிலிம் கழுவும் மெஷின்) போட்டால் ஒன்றரை நிமிடத்தில் கைக்கு வரும்.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஃபிலிம் நெகட்டிவ், வெளிச்சம் பட்ட இடம் கருக்கும். எதிரொலி வெள்ளையாகத் தெரிய வேண்டும் என்றால் உள்ளே இருக்கும் டியூபில் படத்தைத் தலைகீழாக, வெள்ளைப் பின்னணியில் கருப்பாகக் காட்ட வேண்டும். அப்போது எதிரொலி இருக்கும் இடத்தில் ஃபிலிம் தெளிவாக நிற்கும், பின்னணி கருக்கும்.

இங்கேதான் எல்லா சண்டையும். பின்னணி நல்ல கருப்பாக வேண்டும் என்று டியூபின் பிரைட்னஸை ஏற்றிக்கொண்டே போவார்கள். ஏற்ற ஏற்ற மெல்லிய சாம்பல் அந்தக் கருப்புக்குள் மூழ்கும். வியூ பாக்ஸில் மாட்டினால் கம்பீரமாக இருக்கும், கல்லீரல் வெறும் இருட்டாக இருக்கும். எஸ்எம்பிடிஇ என்ற சாம்பல் சதுரங்கள் கொண்ட சோதனைப் படத்தை வைத்துத்தான் பிரைட்னஸும் கான்ட்ராஸ்டும் அமைக்க வேண்டும். அதில் 0 சதவீத சதுரத்துக்குள் 5 சதவீத சதுரம் ஒன்று, 100 சதவீதத்துக்குள் 95 சதவீதம் ஒன்று இருக்கும். ஃபிலிமில் இரண்டு குட்டிச் சதுரமும் தெரிந்தால் அமைப்பு சரி. தெரியவில்லை என்றால் எவ்வளவு விலை உயர்ந்த ஃபிலிம் போட்டும் பயனில்லை.

10 ஜூன்

நேற்று விட்டுப்போனது. வேர்வையும் வெயிலும் நம் ஊர் ப்ராசஸருக்குப் பெரிய பிரச்சினை இல்லை, கரண்ட் கட் தான் பிரச்சினை. ஃபிலிம் கழுவும் டெவலப்பர் திரவம் 35 டிகிரியை ஒட்டி நிற்க வேண்டும். கரண்ட் போய் வந்தால் முதல் தாள் வெளிறி வரும். அதைப் பார்த்துவிட்டு யாராவது கேமராவின் பிரைட்னஸைத் திருப்பிவிடுவார்கள், சூடு ஏறியதும் அடுத்த தாள் கரியாக வரும். கரண்ட் வந்ததும் ஒரு சோதனைத் தாளை ஓட்டிப் பார்த்துவிட்டு நோயாளி படத்தைப் போடு என்பது எங்கள் பிரிவில் சுவரில் எழுதியே ஒட்டியிருந்தது.

12 ஜூன்

"சாதாரண எக்ஸ்ரே ஃபிலிமை வெட்டிப் போட்டால் என்ன, மலிவாக முடியுமே" என்ற கேள்விக்கு:

போடலாம், படம் வரும், நன்றாக வராது. சாதாரண எக்ஸ்ரே ஃபிலிமில் இரண்டு பக்கமும் எமல்ஷன், அதாவது ஒளி பதியும் பூச்சு. அது கேஸட்டுக்குள் இரண்டு ஒளிரும் திரைகளுக்கு நடுவில் படுத்துக்கொள்வதற்காகச் செய்தது. லென்ஸ் வழியாக வரும் படம் முன்பக்க எமல்ஷனில் கூர்மையாக விழும், அடித்தளத்தைத் தாண்டிப் பின்பக்கத்தில் கலங்கி இன்னொரு தரம் விழும். இரண்டும் சேர்ந்து எல்லாம் கொழகொழவென்று ஆகிவிடும். மல்டிஃபார்மேட் கேமராவுக்கான ஃபிலிமில் எமல்ஷன் ஒரே பக்கம். மறுபக்கம் சிதறும் ஒளியை விழுங்கும் சாயப்பூச்சு.

அதனால் எந்தப் பக்கம் லென்ஸைப் பார்க்கிறது என்பது முக்கியம். இருட்டில் எப்படித் தெரியும்? தாளின் ஒரு மூலையில் சின்ன வெட்டு இருக்கும். தாளை நெட்டுவாக்கில் பிடித்து, வெட்டு வலது மேல்மூலையில் ஆள்காட்டி விரலுக்குத் தட்டுப்பட்டால் எமல்ஷன் உன்னைப் பார்க்கிறது. திருப்பிப் போட்டால் ஒளி சாயத்தைக் கடந்து போக வேண்டும், படம் சோர்ந்து வரும்.

இன்னொன்று டார்க் ரூம் விளக்கு. பழைய எக்ஸ்ரே டார்க் ரூமில் மஞ்சள் கலந்த பழுப்பு விளக்கு இருக்கும். நீல ஒளியை மட்டும் உணரும் ஃபிலிமுக்கு அது போதும். மானிட்டருக்கான ஃபிலிம் பச்சையையும் உணரும், அதற்குச் சிவப்பு விளக்கு வேண்டும். பழுப்பு விளக்கில் எடுத்துப் போட்டால் தெளிவாக நிற்க வேண்டிய வெள்ளையெல்லாம் அழுக்குப் பிடித்து வரும். ஃபிலிம் கெட்டது என்று டீலரிடம் திருப்பிக் கொடுத்த பெட்டிகளில் பல இந்த விளக்கால் போனவை.

14 ஜூன்

பழைய ஃபிலிம் பற்றிப் படிக்கும் மாணவர்களுக்காக இதை எழுதிவைக்கிறேன். ஒன்பது படம் உள்ள ஒரு தாள் எங்களிடம் வந்தது. பித்தப்பை படத்தில் பளிச்சென்று ஒரு வெள்ளைப் புள்ளி. கல் என்று ஒரு ஹவுஸ் சர்ஜன் சொன்னார். மூத்த டாக்டர் தாளைக் கையில் எடுத்து, சிறுநீரகப் படத்தைக் காட்டினார். அங்கேயும் அதே மூலையிலிருந்து அதே தூரத்தில் அதே புள்ளி. கணையத்திலும் இருந்தது. கேமரா டியூபின் கண்ணாடியில் ஒரு தூசி. அது ஒளியை மறைத்ததால் ஃபிலிமில் அந்த இடம் கருக்காமல் தெளிவாக நின்றுவிட்டது. நாம் வெள்ளையை எதிரொலி என்று படிக்கிறோம் அல்லவா, தூசி எதிரொலி ஆகிவிட்டது.

கல்லாக இருந்தால் அதற்குப் பின்னால் நிழல் விழும். தூசிக்கு நிழல் கிடையாது. டாக்டர் அதையும் காட்டினார். பெட்டியைத் திறந்து கண்ணாடியைத் துடைத்து, அதே நோயாளிக்கு இன்னொரு தாள் எடுத்துக் கோப்பில் சேர்த்தோம். பழைய தாளை மாணவர்களுக்குக் காட்ட டாக்டர் வைத்துக்கொண்டார்.

19 ஜூன்

வகுப்புக்கு ஸ்லைடு எடுப்பது எப்படி என்று ஒரு டாக்டரம்மா தனியாகக் கேட்டிருந்தார். எல்லோருக்கும் உதவும், இங்கேயே எழுதுகிறேன். வீட்டில் பழைய 35 மிமீ கேமராவும் டியூப் மானிட்டரும் இருப்பவர்கள் இன்றும் செய்து பார்க்கலாம்.

எல்லோரும் முதலில் நுண்மணி ஃபிலிமைத் தேடுவார்கள். கோடக் டெக்னிக்கல் பான் என்பார்கள். தேவையே இல்லை. நம் டிவி முறையான பால் (PAL) வீடியோவில் கண்ணுக்குத் தெரியும் வரிகள் 575தான். 35 மிமீ ஃபிலிமின் உயரம் 24 மிமீ. மில்லிமீட்டருக்கு 24 வரி சுமார். ஐஎஸ்ஓ 125 வேகமுள்ள எந்தச் சாதாரண கருப்பு வெள்ளை ஃபிலிமும் அதைச் சுலபமாகப் பிடிக்கும். டெக்னிக்கல் பான் இயல்பிலேயே கடுமையான கான்ட்ராஸ்ட் உள்ளது, அதை மென்மையாக்கத் தனி டெவலப்பர் வேண்டும். நான் இல்ஃபோர்டு எஃப்பி4, கோடக் பிளஸ்-எக்ஸ் இரண்டில் எது கையில் இருந்ததோ அதை எடுத்தேன். பிளஸ்-எக்ஸ் 2011இல் நின்றுபோயிற்று. எஃப்பி4 பிளஸ் இன்னும் வருகிறது.

ஷட்டர்தான் ஆளைக் கவிழ்க்கும். திரை வினாடிக்கு 25 முழுப்படம் எழுதுகிறது. 1/60 வைத்தால் திரை பாதிதான் எழுதியிருக்கும், படத்தில் சாய்வாக ஒரு கருப்புப் பட்டை விழும். படத்தை நிறுத்திவிட்டு கால் வினாடி, அரை வினாடி என்று வை. ஸ்டாண்ட் கட்டாயம். அறை விளக்கை அணை, ஜன்னலை மூடு, கேமரா முன்னால் லென்ஸுக்கு மட்டும் ஓட்டை போட்ட கருப்புத் துணியைத் தொங்கவிடு. இல்லையென்றால் உன் சட்டைப் பொத்தான் திரையில் பிரதிபலித்து ஸ்லைடில் வந்துவிடும். ஃபிளாஷ் பேச்சே வேண்டாம்.

ஸ்லைடுக்கு நேர்ப்படம் வேண்டுமே? ஸ்கேன் மெஷினில் கருப்பு வெள்ளையைத் திருப்பும் பொத்தான் இருக்கும். அதைத் திருப்பி எடுத்தால் டெவலப் ஆன நெகட்டிவே நேரான படம். வெட்டி மவுண்டில் மாட்டிவிடலாம். போலராய்டு 1983இல் போலாபான் என்று நேரடி 35 மிமீ ஸ்லைடு ஃபிலிம் கொண்டுவந்தது. அருமையான பொருள், ஆனால் அதன் மேல்பூச்சு விரல் பட்டாலே கீறும்.

கலர் ஸ்லைடு ஃபிலிமில் கருப்பு வெள்ளை மானிட்டரை எடுத்தால் எல்லாம் நீலம் பாய்ந்து வரும், அந்தத் திரைகளின் வெள்ளை அப்படி. ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் கலர் டாப்ளருக்கு மட்டும் வேறு வழியில்லை.

21 ஜூன்

ஊட்டி ஃபிலிம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஆமாம், இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ். 1960இல் தொடங்கி 1967இல் உற்பத்திக்கு வந்த அரசு நிறுவனம். இந்து என்ற பெயரில் கருப்பு வெள்ளை ஃபிலிமும் எக்ஸ்ரே ஃபிலிமும் வந்தன. தமிழ்நாட்டு எக்ஸ்ரே அறைகளில் அந்தப் பெட்டியைப் பார்க்காத டெக்னீஷியன் என் தலைமுறையில் இல்லை. நம் மலையில் செய்த ஃபிலிமில் நம் ஆஸ்பத்திரிப் படம் வந்த காலம் அது. மூடியது எனக்கு இன்றும் வருத்தம்.

27 ஜூன்

சரி, இன்றைய பேப்பருக்கு வருவோம். தம்பி பிரிண்டர் என்ன மாடல் என்று எழுதியிருந்தான், 110 மிமீ ரோல் போடுகிற சோனி. அதற்கு 110எஸ், 110எச்டி, 110எச்ஜி என்று மூன்று ரோல் உண்டு. எஸ் சாதாரணம், எச்டி அடர்த்தி கூடியது, எச்ஜி பளபளப்பு. மிட்சுபிஷி பிரிண்டர்களுக்கு கே61பி, கே65எச்எம் என்று அதே மாதிரி.

பளபளப்புத் தாள் பார்க்க போட்டோ மாதிரி இருக்கும், வயிற்றுப் பிள்ளை முகத்தைப் பெற்றோருக்குக் கொடுக்க அழகு. ட்யூப்லைட்டுக்கு அடியில் உட்கார்ந்து படத்தைப் படிக்கிற டாக்டருக்கு அந்தப் பளபளப்பு இடைஞ்சல். வயிறு, சினைப்பை, தைராய்டு கேஸ்களுக்கு நான் எச்டியைத்தான் சொல்வேன். எதைப் போட்டாலும் பிரிண்டரின் அமைப்பில் அந்தத் தாளின் வகையைச் சொல்லிக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் நல்ல தாளிலும் சாம்பல் படிகள் நசுங்கும். நீளவாக்கில் வெள்ளைக் கோடு வந்தால் ரோலைக் குறை சொல்லாதே, பிரிண்டர் ஹெட்டில் அழுக்கு. சுத்தம் செய்யும் தாளை ஒருமுறை ஓட்டு.

மங்குவதற்குக் காரணம் தாளின் தன்மை. இதில் மை கிடையாது. தாளில் பூசிய ரசாயனம் சூட்டில் கருக்கிறது, அவ்வளவுதான். அதனால் வெயில், சூடு, ஸ்பிரிட், பிவிசி கவர் எல்லாம் அதற்கு எதிரி. பிளாஸ்டிக் ஃபோல்டரில் ஒட்டி வைத்தால் பிளாஸ்டிக்கிலிருந்து கசியும் எண்ணெய்ப்பசை படத்தைத் தின்றுவிடும். காகித உறையில், பீரோவின் உள்தட்டில் வை.

லாமினேட் மட்டும் செய்யக்கூடாது என்று ஒவ்வொரு தாய்க்கும் வாய் திறந்து சொல். முதல் பிள்ளையின் ஸ்கேன் படத்தைப் பத்திரப்படுத்த ஆசைப்பட்டு ஒருவர் ஜெராக்ஸ் கடையில் கொடுத்தார். சூடான ரோலருக்குள் போன படம் வெளியே வரும்போது முழுக்கக் கருப்பு. கண்ணாடி மாதிரி பளபளக்கும் கருப்பு அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சென்டர் வாசலில் நின்றார். நல்லவேளை, மெஷினின் ஹார்ட் டிஸ்கில் படம் இருந்தது, அன்றைக்கே வேறு எடுத்துக் கொடுத்தோம். மொபைலில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டால் போதும்.

2 ஜூலை

கர்ப்ப ஸ்கேன் எடுப்பவர்கள் இதையும் யோசிக்க வேண்டும். கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டு பிஎன்டிடி சட்டத்தின்படியும் விதிகளின்படியும் ஃபார்ம் எஃப் (கர்ப்ப ஸ்கேனுக்கு நிரப்பும் படிவம்), ஒப்புதல், ஸ்கேன் படம் எல்லாம் இரண்டு வருஷம் பத்திரமாக இருக்க வேண்டும். வழக்கு இருந்தால் அது முடியும்வரை. தெர்மல் பிரிண்டை ஜன்னல் ஓர அலமாரியில் வைத்துவிட்டு இரண்டு கோடையைத் தாண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. எங்கள் பக்கத்தில் உசிலம்பட்டி என்ற பெயர் பெண் சிசுக்கொலையால் நாடு முழுக்கத் தெரிந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கோப்பில் படம் படிக்கும்படி இருக்க வேண்டும்.

9 ஜூலை

முதல் நாள் சொன்ன கல்லீரல் சோதனையை யோசித்துப் பார்த்தேன். அது போதாது. ஆளுக்கு ஆள் கல்லீரல் மாறும், கெயினை (எதிரொலியைப் பெருக்கும் அளவு) கொஞ்சம் திருப்பினாலும் மாறும். பேப்பரைச் சோதிக்கிறாயா, ஆளைச் சோதிக்கிறாயா என்று தெரியாமல் போய்விடும். திரை ஓரத்தில் சாம்பல் பட்டை ஒன்று இருக்கிறது பார், கருப்பிலிருந்து வெள்ளைவரை. அதை வைத்து ஒப்பிடு. மெஷினுக்குள்ளேயே சோதனைப் படம் இருந்தால் இன்னும் நல்லது. முதலில் மானிட்டரைச் சரிசெய், பிறகு மானிட்டரைத் தொடாமல் பிரிண்டரை அதற்கு இணையாகக் கொண்டுவா. பிரிண்ட் இருட்டாக வருகிறது என்று ஸ்கேனின் கெயினைக் கூட்டுவது மட்டும் கூடவே கூடாது. கட்டிக்குள் இல்லாத எதிரொலியெல்லாம் அதனால் முளைக்கும்.

அந்தப் பட்டை பிரிண்டை ரோல் மாற்றும்போதெல்லாம் எடுத்து, தேதி எழுதி, ஒரு நோட்டில் சேர்த்து வை. பசை போடாதே, மூலையில் பின் அடி.

16 ஜூலை

தம்பி பட்டை பிரிண்டுகளை ஸ்கேன் செய்து போட்டிருக்கிறான், பாருங்கள். நடுவில் இருப்பது எச்டி. கருப்பை அடுத்த இரண்டு படிகளும் அதில் தனித்தனியாகத் தெரிகின்றன. பளபளப்புத் தாளில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. ஆனால் அந்தத் தாளுக்கு பிரிண்டர் அமைப்பை மாற்றினாயா என்று நீ எழுதவில்லை. மாற்றிவிட்டு இன்னொன்று எடுத்துப் போடு, அப்புறம் முடிவு சொல்லலாம்.

டாக்டர் வைத்திருக்கும் போலராய்டுகளை ஃபிளாட்பெட் ஸ்கேனரில் 600 டிபிஐயில், 16 பிட் சாம்பலில் எடுத்து வை. ஸ்கேனர் விளக்குச் சூட்டில் ரொம்ப நேரம் விடாதே. படத்தைத் துடைக்க ஈரத்துணி வேண்டாம், மென்மையான பிரஷ் போதும். 107இல் எடுத்தவற்றை முதலில் முடி.

பழைய மல்டிஃபார்மேட் கேமரா ஒன்று குடோனில் கிடக்கிறது, திறந்து பார்க்கலாமா என்று கேட்டிருந்தாய். தனியாகத் திறக்காதே. பிக்சர் டியூப் கரண்ட் இல்லாமலும் உயர்மின்னழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும். பழைய டிவி ரிப்பேர் செய்த ஆள் யாராவது உங்கள் ஊரில் இருப்பார், அவரைக் கூட வைத்துக்கொள்.